கதவை அடைத்துப் பார்க்கிறவர்

கதவை அடைத்தால்தான் அற்புதமணிக்குக் கண் தெரியும். துறைமுக ஊரில், மதுரைக்குப் போகிற பைபாஸை ஒட்டிய கன்டெய்னர் யார்டில், கப்பலிலிருந்து காலியாகத் திரும்பி வந்த நாற்பதடிப் பெட்டி ஒன்றுக்குள் அவர் தனியாக நடந்து போகிறார். பலகைத் தரையில் செருப்புச் சத்தம் உள்ளே போகப் போகத் தடிக்கிறது. கடைசிச் சுவரைத் தொட்டுவிட்டுத் திரும்பி நின்று, "கதவ அடைய்யா!" என்று குரல் கொடுக்கிறார். வெளியே ஆறுமுகநயினார் இரண்டு கதவுகளையும் இழுத்துச் சாத்துகிறார். உச்சிவெயிலுக்கு நடுவே அற்புதமணியைச் சுற்றி மட்டும் இருட்டு.

அதற்குப் பிறகு அவருக்கு வேலை, பார்ப்பது ஒன்றுதான். தகரத்தில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் அங்கே ஒரு நட்சத்திரம் முளைக்கும். கூரையில் முளைத்தால் மழை உள்ளே வரும். பக்கத்தில் முளைத்தால் கடல்தண்ணீர் வரும். ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம். அடுத்தது மூக்கு. முன்பு ஏற்றிப் போனது தோலா, மீன்தூளா, மருந்துச் சரக்கா என்று ஒரே இழுப்பில் சொல்லிவிடுவார். கதவு திறந்ததும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெளியே வந்து சட்டைப் பையிலிருந்து மஞ்சள் சாக்பீஸை எடுப்பார். ஓட்டை இருந்தால் அந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம். பழுதில்லை என்றால் கதவில் ஒரு டிக். அந்த டிக்கைப் பார்த்த பிறகுதான் அவுரி இலையோ மிளகாய் வற்றலோ அந்தப் பெட்டிக்குள் ஏறும். இருபத்தெட்டு வருஷமாக அவர் போட்ட டிக்குகள் அவர் பார்த்தே இராத துறைமுகங்களின் மழையில் கரைந்திருக்கின்றன.

சட்டைப் பை எப்போதும் மஞ்சள். வலக்கை ஆள்காட்டி விரலும் மஞ்சள். ஞாயிற்றுக்கிழமை வெள்ளை வேட்டி கட்டிக் கோயிலுக்குப் போகும்போதுகூட அந்த ஒரு விரல் மட்டும் வேலைக்குக் கிளம்பியதுபோல இருக்கும்.

வயது ஐம்பத்து நான்கு. சொந்த ஊர் சாயர்புரம். ஆறடிக்கு அரை அங்குலம் குறைவு. தும்மினால் பக்கத்துப் பெட்டியில் எதிரொலிக்கும். இப்படிப்பட்டவருக்கு உலகத்திலேயே மிகவும் பிடித்த ஆள், கூட்டத்தில் கலந்தால் காணாமல் போகிற ஒற்றன். உளவாளிப் படம் எந்த மொழியில் வந்தாலும் விடமாட்டார். மொழி புரியாவிட்டால் இன்னும் நல்லது, "அவன் மொகத்த மட்டும் பாக்கலாம்லா" என்பார். எடுக்கிற சட்டையெல்லாம் சாம்பல் நிறம், இல்லையென்றால் சாம்பலுக்கு அண்ணன் தம்பி நிறம். "ஒரு தடவ பாத்தவன் மறந்துரணும், அதான் சட்ட." டீக்கடையில் சுவரில் முதுகு சாய்கிற மூலை பெஞ்சில்தான் உட்காருவார். அதில் வேறு யாராவது இருந்தால் நின்றுகொண்டே குடித்துவிட்டுப் போய்விடுவார். எதிரே வருகிறவர் "எங்க போறீய?" என்று கேட்டால் இதுவரை நேரான பதில் சொன்னதில்லை. "இங்கனதான்" என்பார். போவது என்னவோ ரேஷன் கடைக்கு.

ஒற்றர்கள் விஷயத்தில் அவருக்கு ஒரு தீர்மானமான கொள்கை உண்டு. ஆறுமுகநயினாருக்கு அது மனப்பாடம். கதவைச் சாத்தித் திறக்கிற வேலைக்கு நடுவே வருஷக்கணக்காகக் கேட்டு வருகிறார்.

"ஒற்றன் சாப்பிட்டு ஏப்பம் விட்டுப் பாத்திருக்கியா நயினாரு?"

"இல்ல அண்ணாச்சி."

"பல்லு வெளக்கி?"

"இல்ல."

"கக்கூஸ் போயி எந்தப் படத்துலயாவது பாத்திருக்கியா?"

"ஏன், அவனுக்கு வயிறு கெடையாதா?"

"வயிறு இருக்கும்ல. நேரம் கெடையாது. நாட்டுக்கு உள்ள நேரம் அது. அதான் சொல்லுதேன், ஸ்பை படம் மாதிரி சுத்தமான படம் ஒலகத்துலயே கெடையாது."

படம் வெளியாகிற வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் காலைக் காட்சிக்குப் போவார். உளவாளிப் படம் என்றில்லை, எந்தப் படமானாலும். தனியாகத்தான் போவார். மத்தியானம் அவர் யார்டுக்குத் திரும்பும்போது, கேட் ஆபீஸில் லாரி நம்பர் எழுதுகிற பகவதி பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்: "அண்ணாச்சி, கூட்டிட்டுப் போவலாமா?"

பெட்டிக்குச் சொல்வதுபோலவே படத்துக்கும் மூன்றே பதில்கள். "ஃபுட் கிரேடு" என்றால் அரிசி, தேயிலை ஏற்றுகிற சுத்தமான பெட்டி. மாமியார், பிள்ளைகள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போகலாம். "ஜெனரல் கார்கோ" என்றால் பழைய இரும்பு ஏற்றலாம். ஆம்பிளைகள் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். மூன்றாவது "ரிஜெக்ட்". அதற்கு விளக்கம் கேட்டால் மூக்கைப் பொத்திக் காட்டுவார். இந்தத் தீர்ப்பு லாரி டிரைவர்கள் வழியாகச் சாயங்காலத்துக்குள் மில்லர்புரம் வரை போய்ச் சேர்ந்துவிடும். அவர் சொல்லை நம்பி யாரும் மோசம் போனதில்லை.

இத்தனை குடும்பங்களைத் தியேட்டருக்கு அனுப்பிவைத்தவர், தன் மனைவியை மட்டும் ஒருநாளும் கூட்டிப் போனதில்லை. அதற்குக் காரணம் அவருடைய உண்மை பேசும் வாய்.

ஜெபசுதாவுக்குச் சொந்த ஊர் நாசரேத்து. சினிமாக் கொட்டகை இருக்கிற தெருவைக்கூடச் சுற்றிப் போகிற குடும்பம். பெண் பார்க்கப் போன அன்று, தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற அவருடைய அப்பா காபி ஆறுவதற்கு முன்னாலேயே கேட்டார்: "தம்பி படம் பாப்பீங்களோ?" பக்கத்தில் இருந்த சித்தப்பா அற்புதமணியின் தொடையைக் கிள்ளினார். அற்புதமணி "பாப்பேன் சார்" என்றார். பெரியவர் காபித் தம்ளரைக் கீழே வைத்தார். "பொய் சொல்லல. சந்தோசம். நீங்க பாருங்க. எம் பிள்ளைய அங்கன கூட்டிட்டுப் போவக் கூடாது." "சரி சார்" என்றார் அற்புதமணி. அந்த ஒரு 'சரி சார்' இருபத்தைந்து வருஷம் நின்றது. பெரியவர் இறந்து ஏழு வருஷமாகியும் நின்றது.

ஆனால் ஜெபசுதாவுக்குத் தெரியாத படம் இல்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அற்புதமணி கதையைச் சொல்லிவிடுவார். ஜெபசுதா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டே, தலை நிமிராமல், சரியான இடத்தில் ஒரு கேள்வி போடுவார். "எத்தன மாடின்னு சொன்னீங்க?" "இருவது." "அவ்வளவு ஒசரத்துலருந்து குதிச்சா நாலு செகண்டுல கீழ வந்துருவான். அதுக்குள்ள எப்படிச் சட்ட மாத்துனான்?" அற்புதமணி யோசித்துவிட்டு, "அவன் மாத்திருவான் சுதா" என்பார்.

போன வருஷம் மே மாதம் அவர்களுக்குக் கல்யாண வெள்ளி விழா. கோயிலில் ஜெபம், வீட்டில் பிரியாணி. கோயம்புத்தூரிலிருந்து மகள் ரேச்சல் வந்து கேக் வெட்ட வைத்தாள். எல்லோரும் போன பிறகு இரண்டு பேரும் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது ஜெபசுதா சொன்னார்:

"இருவத்தஞ்சு வருசமா கத கேட்டாச்சு. ஒரு நாளு நானும் வந்துதான் பாக்கேனே."

அற்புதமணி தண்ணீர்க் குழாயை அடைத்தார். "மாமாட்ட நான் சொன்ன சொல்லு?"

"நீங்க என்னயக் கூட்டிட்டுப் போவக் கூடாதுன்னுதான சொன்னாவ. நான் உங்களக் கூட்டிட்டுப் போறேன். ஒரே ஒரு தடவ. நல்ல படமாப் பாத்து நீங்க சொல்லுங்க. நல்லா இருந்தா பொறவு பாப்போம்."

அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். நல்லா இருந்தா பொறவு பாப்போம். பக்கத்து இருக்கை காலியாகவே இருபத்தைந்து வருஷம் படம் பார்த்தவருக்கு அது போதும். மூன்று மாதம் சல்லடை போட்டார். ஒன்றில் ரத்தம் கூடுதல். ஒன்றில் கதாநாயகன் குடிக்கிறான். பகவதிக்கு "ஃபுட் கிரேடு" என்று சொன்ன படங்கள்கூட ஜெபசுதாவைக் கூட்டிப் போகப் போதாது என்று அவருக்குப் பட்டது.

அப்போதுதான் ஊரெல்லாம் 'ஏஜென்ட் ஏகாம்பரம்' சுவரொட்டி வந்தது. சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஒருவன், துறைமுகக் கிரேனின் உச்சியில், நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். பின்னால் கடல். அற்புதமணி ஸ்கூட்டரை நிறுத்தி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூலையில் யூ/ஏ என்று இருந்தது. துப்பாக்கி இருந்தால் அப்படித்தான் போடுவான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை வந்தது. அவர் காலைக் காட்சிக்குப் போகவில்லை.

"என்ன அண்ணாச்சி, பாக்காமயா?" என்றார் ஆறுமுகநயினார்.

"ஸ்பை படம்ங்கேன். பொறவென்ன பாக்கக் கெடக்கு?"

காரணம் அது இல்லை. முதலில் பார்த்துவிட்டால் அடுத்து எது வரும் என்று அவருக்குத் தெரிந்துவிடும். ஜெபசுதா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, இவர் மட்டும் பரிசோதனைக்கு வந்தவர்போல உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு தடவையாவது, திரையில் என்ன வரும் என்று இரண்டு பேருக்குமே தெரியாமல் சேர்ந்து இருட்டில் உட்கார அவருக்கு ஆசை. அந்த ஆசையில், கதவை அடைக்காமல், மோந்து பார்க்காமல், டிக் போட்டுவிட்டார். கேட் ஆபீஸைத் தாண்டும்போது பகவதி கேட்டதற்கும் "ஃபுட் கிரேடு" என்று கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை மத்தியானக் காட்சி. ஜெபசுதா பள்ளி ஆண்டு விழாவுக்குக் கட்டுகிற சேலையில் வந்தார். கையில் பை, தண்ணீர் பாட்டில். உள்ளே நுழைந்ததும் அண்ணாந்து பார்த்து, "இம்புட்டு ஒசரமா!" என்றார். இருக்கையின் நுனியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணை ஒரு கணம் மூடித் திறந்தார். விளக்கு அணைந்தது. பக்கவாட்டுக் கதவு திறந்திருந்து வெயில் உள்ளே நீண்டது. அற்புதமணி பழக்கதோஷத்தில், "கதவ அடைய்யா!" என்று யார்டுக் குரலில் கத்திவிட்டார். தியேட்டரே சிரித்தது. ஜெபசுதாவும் சிரித்தார்.

முதல் இருபது நிமிஷம் நன்றாகத்தான் போயிற்று. ஏகாம்பரம் கிரேனிலிருந்து கயிற்றில் இறங்கினான். "இந்தக் கயிறு அவன் எடையத் தாங்குமா?" என்று ஜெபசுதா காதோரம் கேட்டார். எதிரிகள் சூழ்ந்தபோது ஏகாம்பரம் ரகசியச் சிப்பை விழுங்கிவிட்டு, துறைமுகத்தில் அடுக்கியிருந்த கன்டெய்னர் ஒன்றுக்குள் பாய்ந்து ஒளிந்தான். திரை இருண்டது.

"இதுவா?" என்றார் ஜெபசுதா.

"இதான். நாப்பதடி."

"உள்ள இப்படித்தான் இருட்டா கெடக்குமா?"

"இத விட இருட்டு. இவன் ஒளிச்சு லைட்டு போட்டுருக்கான். அந்தா பாரு, கதவு ரப்பரு பிஞ்சு கெடக்கு. நானா இருந்தா வட்டம் போட்டுருவேன்."

"தெனமும் இதுக்குள்ளயா போயி நிக்கீங்க?" என்று கேட்டபோது ஜெபசுதாவின் தோள் அவர் தோளில் பட்டது. பட்டது அப்படியே இருந்தது. தான் தினமும் தனியாக நிற்கிற இடம் முப்பதடி உயரத்தில் எதிரே நிற்க, அதை மனைவி கண்ணாடி வழியாக உற்றுப் பார்த்துக்கொண்டிருக்க, அற்புதமணி தோளை அசைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

அப்போது ஏகாம்பரத்தின் வயிறு ஒரு சத்தம் போட்டது.

அதற்குப் பிறகு அந்தப் பெட்டிக்குள் நடந்ததை இங்கே எழுத வேண்டியதில்லை. விழுங்கிய சிப் வெளியே வர வேண்டும். வருகிறதா, வரவில்லையா, வந்தால் யார் எடுப்பது என்பதுதான் மீதிப் படம். தியேட்டரில் புதிதாகப் போட்டிருந்த ஒலிக்கருவி நாலாபுறமும் சத்தத்தைப் பிரித்துப் பிரித்துக் கொடுத்தது. கூட்டம் விசிலடித்தது. பேதி மருந்தோடு ஒரு வில்லி வந்தாள். ஹெலிகாப்டரில் ஏகாம்பரம் வாந்தி எடுத்தது ஒரு தளபதியின் மெடல்களில் வழிந்தது. எதிரி நாட்டு உளவாளி ஒருவன் கையுறையும் சல்லடையுமாக உட்கார்ந்தான்.

முதலில் அற்புதமணி இது தவறிப்போய் வந்த காட்சி, இப்போது முடிந்துவிடும் என்று காத்திருந்தார். ஒற்றன் திரும்பி வருவான், கோட்டைச் சரிசெய்துகொள்வான், வேலையைப் பார்ப்பான். வரவில்லை. ஜெபசுதாவின் தோள் எப்போது விலகியது என்றும் அவருக்குத் தெரியவில்லை.

இடைவேளையில் வெளியே வந்ததும், "போயிருவோம் சுதா" என்றார். ஜெபசுதா பதில் சொல்வதற்குள் ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு ஓடிவந்தாள். பழைய மாணவி. "மிஸ்! நீங்களா? படத்துக்கெல்லாம் வருவீங்களா மிஸ்?"

"சார் நல்ல படம்னு சொன்னாவ. வந்தோம்" என்றார் ஜெபசுதா. குரலில் கோபம் இல்லை. வகுப்பில் வருகை எடுக்கிற குரல். மாணவி அற்புதமணியை ஏற இறங்கப் பார்த்தாள். அவர் கையில் இருந்த பாப்கார்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். மணி அடித்தது. ஜெபசுதாதான் முதலில் உள்ளே நடந்தார். இவர் பின்னால் போனார்.

பிற்பாதியில் அற்புதமணி படமே பார்க்கவில்லை. தலையைத் திருப்பாமல், கண்ணை மட்டும் ஓரத்துக்கு ஓட்டி, மனைவியையே வேவு பார்த்துக்கொண்டிருந்தார். ஜெபசுதா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கைகள் மடியில் இருந்த பையின்மேல், கோயிலில் பிரசங்கம் கேட்கும்போது இருப்பதுபோல. முகம் திரையை விட்டு அசையவில்லை. கண்ணை மூடக்கூட இல்லை. உதடு மட்டும் லேசாக அசைந்தது. திட்டுகிறாள் என்று அற்புதமணி நினைத்தார். எழுந்து போயிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

திரும்புகிற வழியில் புரோட்டாக் கடையில் நிறுத்துவது ஒரு வாரமாகப் போட்டிருந்த திட்டம். நிறுத்தினார். கடைக்காரர் இலையில் புரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சால்னாவை ஊற்றினார். அற்புதமணி சால்னாவைப் பார்த்தார். ஹெலிகாப்டர் ஞாபகம் வந்தது. இலையை மூடினார். ஜெபசுதா இரண்டு புரோட்டா சாப்பிட்டார். "அண்ணாச்சி, இங்கன கொஞ்சம் சால்னா" என்று இன்னொரு கரண்டியும் வாங்கிக்கொண்டார். இவளுக்கு எப்படி இறங்குகிறது என்று அவருக்கு விளங்கவில்லை. வீடு வரும்வரை இரண்டு பேரும் பேசவில்லை. "நல்லா இருந்தா பொறவு பாப்போம்" என்று மே மாதம் சொன்னது செப்டம்பரில் முடிந்துபோயிற்று என்று அவரே முடிவு கட்டிவிட்டார்.

திங்கட்கிழமை கேட் ஆபீஸைத் தலைகுனிந்து தாண்டப் பார்த்தார். பகவதி விடவில்லை.

"அண்ணாச்சி, நில்லுங்க. எங்க அத்தையக் கூட்டிட்டுப் போனேன்."

"மன்னிச்சிரும்மா. பாக்காமச் சொல்லிட்டேன்."

"அட, என்னத்த மன்னிக்க! அந்த மனுசி ஆறு மாசமா ஒரு சிரிப்புச் சிரிக்கல. சீட்டுலருந்து வழுக்கிக் கீழ விழுந்துட்டாவ அண்ணாச்சி. மறுபடியும் போவணும்ங்காவ."

அற்புதமணிக்கு அதில் ஆறுதல் ஏதும் கிடைக்கவில்லை. அன்றைக்கு ஒரு பெட்டிக்குள் போனவர் நாலு நிமிஷமாகியும் குரல் கொடுக்கவில்லை. ஆறுமுகநயினார் தகரத்தில் தட்டினார். "அண்ணாச்சி! இருக்கீயளா, உறங்கிட்டீயளா?" கதவைத் திறந்தபோது அவர் சுவரில் சாய்ந்து நின்றார்.

"நயினாரு, சரிபாக்காமக் கையெழுத்துப் போட்டுட்டேன்ல."

"எந்தப் பெட்டிக்கு?"

"வீட்டுப் பெட்டிக்கு."

ஆறுமுகநயினாருக்குப் புரிந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, "போவட்டும் அண்ணாச்சி. ஒற்றனும் மனுசன்தான? அவனுக்கும் வயிறுன்னு ஒண்ணு இருக்கும்லா" என்றார்.

"மனுசனாத்தான் வெளிய இத்தன பேரு இருக்கோமேடா. ஒருத்தனாவது வேற மாதிரி இருந்துட்டுப் போனா என்ன? அதுவும் எங்கன வச்சு? பெட்டிக்குள்ள வச்சு! இருவத்தஞ்சு வருசத்துல அவ மொத மொத பாக்கா, நான் நிக்கிற எடத்த. இனி நான் வேலைக்குப் போறேன்னு கெளம்பும்போதெல்லாம் அவளுக்கு என்னடே ஞாபகம் வரும்?"

ஆறுமுகநயினார் அடுத்த பெட்டியின் கதவைத் திறந்துவிட்டார்.

மூன்று வெள்ளிக்கிழமை அற்புதமணி தியேட்டர் பக்கம் போகவில்லை. பகவதி கேட்பதை நிறுத்திவிட்டார். சாப்பாட்டு நேரத்தில் சொல்லக் கதையும் இல்லை. தட்டுச் சத்தம் மட்டும் கேட்டது. ஜெபசுதா திருத்துகிற தாளிலிருந்து ஒன்றிரண்டு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்.

நாலாவது வாரம் தொலைக்காட்சியில் ஏகாம்பரத்தின் ஹெலிகாப்டர் காட்சி ஓடியது. அற்புதமணி ரிமோட்டைத் தேடி எடுப்பதற்குள் ஜெபசுதா பார்த்துவிட்டார்.

"சீ! இது என்ன படம்?"

அற்புதமணி திகைத்தார். "நாம பாத்த படம்லா இது."

"அப்படியா? இவ்வளவு அசிங்கமாவா இருந்துச்சு?"

"ஏளா, நீ கண்ணு கொட்டாமப் பாத்தியே! நான் பாத்தேனே நீ பாத்தத."

ஜெபசுதா சிவப்புப் பேனாவை மூடி வைத்தார். "நான் எங்க பாத்தேன். பெட்டிக்குள்ள அவன் வயிறு சத்தம் போட்டதுமே கண்ணாடியக் கழத்திப் பைக்குள்ள வச்சுட்டேன், இடைவேளைக்கு மட்டுந்தான் எடுத்துப் போட்டேன். கண்ணாடி இல்லாம எனக்கு என்ன தெரியும்? செவப்பா ஒண்ணு ஓடுச்சு, பச்சையா ஒண்ணு பின்னால ஓடுச்சு."

ஒரு புள்ளி வெளிச்சத்தைத் தப்பவிடாத மனிதர், அன்றைக்கு அந்தக் கண்ணாடியில் திரை மின்னாததைக் கவனிக்கவே இல்லை.

"வாய் அசைஞ்சுதே?"

"வாய்ப்பாடு சொன்னேன். காதையும் கழத்தி வைக்க முடியாதுல்லா. ஏழாம் வாய்ப்பாடுலருந்து தொடங்கி, பத்தொம்பதாம் வாய்ப்பாடு வர எத்தன தடவ போயிட்டு வந்தேன்னு எனக்கே தெரியாது."

"அப்ப எந்திரிச்சு வந்துருக்கலாம்லா? ஏன் உக்காந்திருந்த?"

"நீங்க உக்காந்திருந்தீங்க."

"நான் நீ உக்காந்திருந்தன்னுல்லா உக்காந்திருந்தேன்!"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சிரித்தது ஜெபசுதா. அற்புதமணி சிரிக்கப் போய் அது தும்மலாக வெளியே வந்து, மேசையிலிருந்த தாள்கள் பறந்தன. தாள்களைப் பொறுக்கி அடுக்கியபடியே ஜெபசுதா, யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னார்: "அடுத்த தடவ மொதல்ல நீங்க போயிப் பாத்துட்டு வாங்க. வழக்கம்போல."

அடுத்த வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு. ஒரு படம் வந்திருந்தது. அதில் ஒற்றன் இல்லை. மலை ரயிலில் கடிதம் கொண்டு போகிற ஒரு தபால்காரன். மத்தியானம் கேட் ஆபீஸில் பகவதி, "போவலாமா அண்ணாச்சி?" என்று பழைய குரலில் கேட்டார். அற்புதமணி வாயைத் திறந்து, மூடி, "நாளைக்குச் சொல்லுதேன்" என்று போய்விட்டார். சனிக்கிழமை காலை அதே படத்துக்கு மறுபடியும் போனார். இந்தத் தடவை வேறு இருக்கை, வேறு மூலை. மூக்கைக்கூட ஒருமுறை இழுத்துப் பார்த்திருப்பார். அன்று சாயங்காலம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "ஃபுட் கிரேடு" என்றார்.

திங்கட்கிழமை பள்ளிக்கூட விடுமுறை. மத்தியானக் காட்சிக்கு இரண்டு பேரும் போனார்கள். ஜெபசுதா உட்கார்ந்ததும் கண்ணாடியைக் கழற்றிக் கூட்டில் வைத்து மூடி, கூட்டை மடியில் வைத்துக்கொண்டார்.

"என்னளா இது?"

"மொதல்ல தொடங்கட்டும்."

"ரெண்டு தடவ பாத்தாச்சு சுதா."

"இருக்கட்டும். நீங்க சொல்லுங்க, பொறவு போடுதேன்."

பக்கவாட்டுக் கதவை இந்தத் தடவை யாரும் சொல்லாமலே அடைத்தார்கள். விளக்கு அணைந்தது. மலை ரயில் புகை விட்டுக்கொண்டு வளைவில் திரும்பியது. அற்புதமணி அசையாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு, முழுதாக ஒன்றரை நிமிஷம் பார்த்தார். பிறகு இருட்டிலேயே ஜெபசுதாவின் கையைத் தேடி எடுத்து, புறங்கையில், மஞ்சள் படிந்த ஆள்காட்டி விரலால் அழுத்தமாக ஒரு டிக் போட்டார்.

மடியில் கண்ணாடிக் கூடு 'டப்' என்று திறந்தது.